டைபாய்டு காய்ச்சலும் கிருமியின் மரபணுத்தொகுதி ஆய்வும்

டைபாய்டு எனப்படும் குடற்காய்ச்சல், சால்மொனெல்லா டைஃபி என்னும் பாக்டீரியாவால் உண்டாகிறது. மாசடைந்த குடிநீர், உணவு ஆகியவற்றின் வழியே உடலை அடையும் இக்கிருமி, குடற்சுவரை ஊடுருவி இரத்தத்தில் கலக்கிறது.

மரபணுத்தொகுதி ஆய்வு என்றால் என்ன?

கிருமியின் மரபுப்பொருள் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தறிவதே இந்த ஆய்வாகும். கொரோனா வைரஸின் உருமாற்றங்கள் இம்முறையிலேயே கண்டறியப்பட்டன. டைபாய்டு கிருமியின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 48 இலட்சம் எழுத்துகளைக் கொண்டது. அதனைப் படிப்பதன் மூலம், கிருமி எந்த வழிமரபைச் சேர்ந்தது, எந்த மருந்துகளுக்குக் கட்டுப்படாது என்பவற்றை அறியலாம்.

ஆய்வுகள் கண்டறிந்தவை

63 நாடுகளின் கிருமிகளை ஒப்பிட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, எச்58 என்னும் வழிமரபு தெற்காசியாவில் தோன்றி ஆப்பிரிக்கா வரை பரவியதைக் காட்டியது. 2016ஆம் ஆண்டு பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோன் ஊசிமருந்துக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவியது. எச்58 கிருமி, வேறு குடற்பாக்டீரியாக்களிடம் உள்ள மருந்தெதிர்ப்பு மரபணுக்களைப் பெற்றதே காரணம் என மரபணுத்தொகுதி ஆய்வு தெளிவாக்கியது. நம் மருத்துவமனைகளிலும் டைபாய்டுக்குச் செஃப்ட்ரியாக்சோன் முக்கிய மருந்தாகும்.

திருச்சிக்கு இது ஏன் தேவை?

வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு ஆகிய நாள்களில் பல ஊர் மக்கள் திருவரங்கத்தில் கூடுகின்றனர். தொற்று ஏற்பட்டு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்குப் பின்னரே பெரும்பாலும் காய்ச்சல் தோன்றும். அதற்குள் அவரவர் ஊர் திரும்பியிருப்பர். வெவ்வேறு மாவட்டங்களில் காணப்படும் நோயாளிகளுக்கிடையே தொடர்பு உண்டா என்பதை ஆராய, கிருமிகளின் மரபணு ஒப்பீடு உதவும்.

இரத்த வளர்ப்புச் சோதனை

இவ்வாய்வுக்கு உயிருள்ள கிருமி தேவை. நோயாளியின் இரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்தெடுப்பதே இரத்த வளர்ப்புச் சோதனை (பிளட் கல்ச்சர்). விடால் சோதனை எதிர்ப்பொருளை மட்டுமே காட்டும், கிருமியைத் தராது. மருந்துக் கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொண்ட பின்னர் இரத்தம் எடுத்தால், கிருமி வளராமல் போகலாம். அப்போது நோயாளிக்கு உரிய மருந்தைத் தேர்வதும் கடினம். புதிய மருந்தெதிர்ப்புக் கிருமி ஊருக்குள் வந்திருப்பினும் அது தெரியாமற்போகும்.

பொதுமக்கள் செய்ய வேண்டியவை

• காய்ச்சல் மூன்று நாள்களுக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனையை அணுகவும்.
• மருத்துவரின் பரிந்துரையின்றி ஆன்டிபயாடிக் உட்கொள்ள வேண்டாம்; ஏற்கெனவே உட்கொண்டிருந்தால் மறைக்காமல் தெரிவிக்கவும்.
• பரிந்துரைத்த மருந்தை முழுக் காலமும் உட்கொள்ளவும்.
• கொதிக்க வைத்து ஆறிய நீரையே பருகவும்; உணவுக்கு முன்னும் கழிப்பறை சென்று வந்த பின்னும் சோப்பினால் கைகளைக் கழுவவும்.