சிறிய எழுத்தாணி என்று பெயர் பெற்ற கத்தி

இத்தாலிய மொழியில் 'ஸ்டிலெட்டோ' என்பதன் நேர்ப்பொருள் சிறிய எழுத்தாணி. மெழுகுப் பலகையில் எழுதப் பயன்பட்ட கருவியை லத்தீன் மொழி 'ஸ்டிலுஸ்' என்று அழைத்தது. அதன் வழிவந்த இத்தாலியச் சொல்லோடு சிறுமைப்பொருள் விகுதி சேர்ந்து, இடைக்காலத்தின் இறுதியில் ஒருவகைக் குத்துவாளுக்குப் பெயராயிற்று. வெட்டுவதற்கு உதவாத அக்குத்துவாள், கவசத்தின் இடுக்குகளில் செலுத்துவதற்கென்றே ஒடுங்கிய முனையோடு செய்யப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கச் சந்தை இதே பெயரை வேறொரு பொருளுக்குச் சூட்டியது. பொத்தானை அழுத்தியதும் கைப்பிடிக்குள்ளிருந்து அலகு தெறித்து வெளிவரும் மடக்குக்கத்தி அது. தமிழ்ப் பேச்சுவழக்கில் பட்டன் கத்தி.

இத்தாலியர் இக்கத்தியைக் 'கொல்தெல்லோ அ ஸ்கட்டோ' என்பர். 'ஸ்கட்டோ' என்பது சட்டெனத் தெறித்தலைக் குறிக்கும். செய்தவர்களின் மொழி அதன் இயக்கத்தைப் பெயராக்கியது. வாங்கியவர்களின் மொழி அதன் மெலிந்த உருவத்தைக் கண்டு பழைய கொலைக்கருவியின் பெயரை இட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரங்கள் இத்தாலியக் குடியேறிகளை ஸ்டிலெட்டோ ஏந்தியவர்களாகவே வரைந்து வந்தன. எனவே அப்பெயரோடு ஓர் இனத்தைப் பற்றிய அச்சமும் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. பின்னர் எழுந்த சட்டங்களைப் புரிந்துகொள்ள இப்பின்னணி இன்றியமையாதது.

இக்கத்திகளுள் பெரும்பாலானவற்றின் பிறப்பிடம் வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியிலுள்ள மனியாகோ என்னும் சிற்றூர். வெனிஸ் குடியரசின் ஆட்சிக்குட்பட்டிருந்த அவ்வூரில், 1453ஆம் ஆண்டு நிக்கொலோ என்னும் உள்ளூர்ப் பிரபு கொல்வெரா ஓடையின் நீரைக் கால்வாய் வழியே திருப்பிக்கொள்ள இசைவு பெற்றார். அந்நீர் சக்கரங்களைச் சுழற்ற, சக்கரங்கள் கொல்லுலைகளின் சம்மட்டிகளை இயக்கின. முதலில் உழவுக்கும் மரவேலைக்கும் வேண்டிய கருவிகள் உருவாயின. பின்னர் வெனிஸுக்கு வேண்டிய படைக்கலங்களும், காலப்போக்கில் நுண்ணிய மடக்குக்கத்திகளும் அவற்றோடு சேர்ந்தன. 1907இல் ஜெர்மனியின் கத்தி நகரமான சோலிங்கனிலிருந்து வந்த ஆல்பர்ட் மார்க்ஸ் இங்குத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கினார். கோரிகாமா என்று பின்னர் அறியப்பட்ட அத்தொழிற்சாலையின் கட்டடம் இன்று கொல்லுத்தொழில், கத்தித்தொழில் ஆகியவற்றுக்கான அருங்காட்சியகமாக விளங்குகிறது. தஸ்கனியின் ஸ்கார்பெரியா, மொலீசெயின் ஃபிரோசொலோனே ஆகிய ஊர்களுக்கும் நெடிய கத்தி மரபு உண்டு. ஆயினும் அமெரிக்கா நோக்கிச் சென்ற விசைக்கத்தி வணிகத்தின் மையமாக அமைந்தது மனியாகோவே.

விசைக்கத்தி தொடக்கம் முதலே குற்றத்தின் அடையாளமாக இருந்ததில்லை. ஜார்ஜ் ஷ்ரேடு என்பார் அமெரிக்காவில் 1892இல் பொத்தான் விசைக்கு உரிமம் பெற்றபோது, ஒரு கையால் திறக்கக்கூடிய வசதியான கருவி என்றே அது விற்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வான்குடைப் படையினருக்கும் விசைக்கத்தி வழங்கப்பட்டது. தரையிறங்கும்போது ஒரு கை சிக்கிக்கொண்டாலும் மறுகையால் குடையின் கயிறுகளை அறுத்துக்கொள்வதற்கே அந்த ஏற்பாடு. அதே போரின் முடிவில் இத்தாலியில் நிலைகொண்டிருந்த அமெரிக்க வீரர்கள் அந்நாட்டு விசைக்கத்திகளை நினைவுப்பொருள்களாக வாங்கித் தாய்நாடு கொண்டுசென்றனர். அவர்களைப் பின்தொடர்ந்து இறக்குமதியாளர்கள் வந்தனர்.

இதற்குப் பின் நிகழ்ந்த மாற்றம் விரைவானது. 1950இல் 'உமன்ஸ் ஹோம் கம்பானியன்' இதழில் ஜாக் ஹாரிசன் பொல்லாக் எழுதிய கட்டுரை, விசைக்கத்தியைக் கொல்லும் பொம்மை என்று வருணித்தது. 1955இல் வெளியான 'பிளாக்போர்டு ஜங்கிள்', 'ரெபல் வித்அவுட் எ காஸ்' ஆகிய திரைப்படங்கள் அதனை வழிதவறிய இளைஞனின் கைப்பொருளாகக் காட்டின. நியூயார்க் மாநிலம் 1954இல் தடை விதித்தது. 1958 ஆகஸ்டில் ஐசனோவர் கையொப்பமிட்ட கூட்டாட்சிச் சட்டம், விசைக்கத்தியின் இறக்குமதியையும் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தையும் தடுத்தது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் விற்பனைக்குத் தடை விதித்தது. அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு கவனத்திற்குரியது: ஒரு கை மட்டுமே உள்ளவர் மூன்று அங்குலத்திற்கு மிகாத அலகுடைய விசைக்கத்தியை வைத்துக்கொள்ளலாம். அச்சம் ஓங்கிய காலத்திலும், அது ஒரு கருவி என்னும் பழைய நினைவு சட்டவாசகத்தின் ஓரத்தில் எஞ்சியிருந்தது.

அக்காலத்துத் திரைப்படங்களுள் ஒன்று மட்டும் கத்தியைச் சான்றாக எடுத்து ஆராய்ந்தது. சிட்னி லூமெட் இயக்கிய 'ட்வெல்வ் ஆங்கிரி மென்' 1957இல் வெளிவந்தது. தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவனின் கத்தி அரிதான ஒன்று என்று அரசுத்தரப்பு வாதிடுகிறது. எட்டாம் நடுவர் அதே போன்ற மற்றொரு கத்தியை மேசையில் குத்தி நிறுத்தி அவ்வாதத்தை உடைக்கிறார். குடிசைப்பகுதியில் வளர்ந்த ஐந்தாம் நடுவர், விசைக்கத்தியைக் கையாளப் பழகியவன் கீழிருந்து மேல்நோக்கியே குத்துவான் என்று செய்துகாட்டுகிறார். தந்தையின் உடலில் காயம் மேலிருந்து கீழாக இருந்தது. பொருளைப் பற்றிய பொதுப்படிமம் சிறுவனைத் தண்டனையை நோக்கித் தள்ளுகிறது. பொருளைப் பற்றிய நேரடி அறிவு அவனை மீட்கிறது. அந்த அறிவு நாகரிக வகுப்பாரிடம் இல்லாமல், அக்கத்தி புழங்கிய தெருவில் வளர்ந்தவரிடம் இருந்தது என்பதே இக்காட்சியின் சாரம்.

சேகரிப்பாளர்கள் பின்னர் வளர்த்தெடுத்ததும் இத்தகைய அறிவே. 1958ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ச்சியான ஒரு கைத்தொழிலின்மீது காலக்கோடு ஒன்றை இழுத்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்க்குத் 'தடைக்கு முந்தையது' என்பது ஒரு மதிப்பீட்டு வகையாயிற்று. கத்திகளோடு ஆவணங்கள் எவையும் வருவதில்லை. ஆகவே அவர்கள் கத்தியையே படிக்கக் கற்றனர். கைப்பிடியின் பக்கங்கள் மெய்யான கொம்பா, கொம்பைப் போலச் செய்த நெகிழியா என்று முதலில் பார்ப்பர். கொம்பு காலப்போக்கில் சுருங்கி ஆணிகளைச் சுற்றி விரிசல் விடும். நெகிழி அவ்வாறு சுருங்குவதில்லை. அடுத்து, திறந்த அலகை மீண்டும் மடக்கும் முறையைச் சோதிப்பர். பழைய வகையில் கைப்பிடியின் தலைப்பகுதியிலுள்ள சிறு நெம்புகோலை நகத்தால் தூக்கவேண்டும். பிந்தைய வகையில் தலைப்பகுதி உலோகக் காப்பையே பக்கவாட்டில் திருகினால் பூட்டு விடுபடும். உள்ளே அலகைத் தள்ளும் தட்டை விசைவில் முதலில் பொருத்தப்பட்டதா, உடைந்தபின் மாற்றப்பட்டதா என்பதும் விலையைத் தீர்மானிக்கும்.

அலகின் அடியிலுள்ள முத்திரைகள் மொழி வரலாற்றுக்கும் உரியவை. 'இத்தாலி' என்ற நாட்டுப்பெயர் ஆங்கில வடிவில் பொறிக்கப்பட்டிருக்கும். இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கவேண்டும் என்பது 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் வகுத்த விதி. துருப்பிடிக்காத எஃகு என்பதைச் சில இத்தாலியக் கத்திகள் 'ரோஸ்ட்ஃப்ரை' என்று ஜெர்மன் மொழியில் கூறும். சோலிங்கனின் நற்பெயர் அச்சொல்லில் ஒலிக்கிறது. நெளிந்த அலகை 'கிரிஸ்' என்பர். அது மலாய் மொழியின் 'கெரிஸ்'. நியூயார்க் இறக்குமதியாளரின் 'லட்டாமா' என்னும் பெயரும் பல அலகுகளில் காணப்படும். வணிகரின் பெயர் எஃகில் நிலைத்திருக்க, அக்கொம்பை அறுத்துத் தேய்த்து மெருகேற்றிய தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. வேலைப்பாட்டின் நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டு ஒரு பட்டறையின் கையை அடையாளம் காணும் சேகரிப்பாளர், ஏடுகள் பதியாத ஒன்றைத் தொகுக்கிறார்.

இத்தொகுப்பின் எதிர்காலம் உறுதியானதன்று. அமெரிக்காவில் டெக்சாஸ் 2013இல் தன் தடையை நீக்கியது. வேறு பல மாநிலங்களும் தளர்த்தியுள்ளன. பிரிட்டன் எதிர்த்திசையில் சென்றது. 2019ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி, 2021 ஜூலை முதல் விசைக்கத்தியை வீட்டினுள் வைத்திருப்பதும் குற்றம். அதற்கு முன்னர் அரசு இழப்பீடு அளித்துக் கத்திகளைத் திரும்பப் பெற்றது. அருங்காட்சியகங்களுக்கு விலக்கு உண்டு. கத்திக்குற்றத்தில் மக்கள் உயிரிழக்கும் நாட்டில் அரசின் கவலையைப் பொருட்படுத்தாமல் விடமுடியாது. சேகரிப்பின் பெயரால் அதனைச் சிறுமைப்படுத்துவதும் நேர்மையன்று.

ஆயினும் ஒப்படைக்கப்பட்ட பெட்டியில் ஒரு பழைய மனியாகோக் கத்தி இருந்திருப்பின், அது புதிய மலிவுக் கத்தியோடு ஒரே சட்டப்பெயரால் எண்ணப்பட்டே அழிந்திருக்கும். அழிப்பதற்கு முன் முத்திரையைப் படிப்பதும், கொம்பையும் பூட்டையும் ஒளிப்படமெடுத்துப் பதிவதும் எந்தச் சட்டத்தையும் தளர்த்தாமலே செய்யக்கூடியவை. பெயரற்ற தொழிலாளர் விட்டுச்சென்ற எழுத்து அவ்வளவே. எழுத்தாணியின் பெயரைத் தாங்கிய பொருளில் அதையேனும் படித்துவைப்பது வரலாற்றாய்வின் கடமை.