தரமும் சிக்கனமும்

பிலிமா டிஜிட்டலா என்ற சர்ச்சையில் இரு தரப்பாருமே தரம் என்பதைக் கருவிக்குள் அடங்கிய ஒரு குணம் போலப் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தரத்துக்கு, அதைக் கையாண்டவர்களின் சிக்கனத்தோடும் சம்பந்தம் உண்டு.

என்னிடம் இரண்டு படங்கள் இருக்கின்றன. இரண்டும் தாமிரபரணியில், குறுக்குத்துறைப் படிக்கட்டில் எடுத்தவை. ஒன்று 1978இல் அப்பா ஆக்ஃபா கிளிக் 3 காமிராவில் எடுத்த ஆச்சியின் படம். மற்றது 2004இல், அக்கா கல்யாணத்துக்கு மறுநாள், பள்ளிக்கூடப் பையனாக இருந்த நான் இரவல் டிஜிட்டல் காமிராவில் எடுத்த அம்மாவின் படம்.

அப்பா போட்டது ‘இந்து’ ரோல். ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரிப்பு. 1960இல் ஸ்தாபிக்கப்பட்டு 1967இல் உற்பத்தி தொடங்கிய அந்த அரசாங்க ஆலை இன்று மூடிக்கிடக்கிறது. காமிராவின் லென்ஸ் சாமானியமானது. படத்தின் ஓரங்கள் மங்கல். ஆனால் நெகட்டிவ் ஆறு சென்டிமீட்டர் சதுரம். வெயிலில் வெளுத்த நீரிலும் அலையின் தடம் மிஞ்சியிருக்கிறது. ஆச்சியின் பாம்படத்தை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பெரிதாக்கலாம்.

அம்மா படத்தில் அகலம் 640, உயரம் 480. ஆக மூன்று லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். ஆறு வெறும் வெள்ளை. அந்த வெள்ளையிலிருந்து எதையும் மீட்க முடியாது.

1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் காமிரா தந்தது 10,000 புள்ளிகள். ஒரு படம் காஸெட்டில் பதிய 23 விநாடி பிடித்தது. சுமார் முப்பது வருஷம் கழித்து நம் தெருக்களுக்கு வந்தபோதும் நுட்பத்தில் அது பிலிமுக்குப் பின்னால்தான் நின்றது. ரோல் செலவும் கழுவும் செலவும் இல்லை என்பதால் ஜெயித்தது. இன்றைய கருவிகள் 35 மி.மீ. பிலிமைத் தாண்டிவிட்டன, இருட்டில் பிலிம் காணாததையும் காண்கின்றன. அதை வைத்து, தரத்தால் ஜெயித்தது என்று சரித்திரம் எழுதுவது, ஜெயித்தவனிடம் பின்னால் சேர்ந்த குணத்தை ஜெயத்துக்குக் காரணமாகக் காட்டும் பழக்கம். இலக்கிய விமர்சனத்திலும் நாம் இதைச் செய்கிறோம்.

அப்பாவின் ரோலில் 12 படம்தான். மேகம் விலகும் வரை ஆச்சியை நிற்கவைத்துக் காத்திருந்தாராம். என் காமிராவால் 20 லட்சம் புள்ளிகள் பதிய முடியும். அட்டை 16 எம்.பி. என்பதால், நிறைய எடுக்கலாமென்று ஆகச் சிறிய அளவை நானே வைத்தேன். அவர் படங்களின் எண்ணிக்கையில் சிக்கனம் பிடித்தார். நான் முகங்களில் பிடித்தேன். அன்று எடுத்த 150 படங்களில் அம்மா தனியாக நிற்பது ஒன்றில்தான்.

அடுத்த வருஷம் அம்மா இறந்தாள். சுவரில் மாட்டப் பெரிதாக்கக் கொடுத்தோம். கட்டம் கட்டமாக உடைந்த முகத்தை ஸ்டுடியோவில் வழவழப்பாக்கித் தந்தார்கள். அது அம்மா மாதிரி இல்லை. பக்கத்தில் ஆச்சி, பாம்படத்தோடு அப்படியே இருக்கிறாள்.