வெள்ளாவியும் சோப்பு நுரையும்

இடக்கொச்சிக்கு வடக்கே, காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீளும் நிலத்தில், ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியிலுள்ள தோபி கானாவில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் துணி வெளுத்துவருகின்றன. 1663 முதல் 1795 வரை கொச்சியைத் தம் பிடியில் வைத்திருந்த டச்சுக்காரர்கள், படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் இக்குடும்பங்களின் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைத்தனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. இப்போதுள்ள துவைதுறை 1976-இல் கட்டப்பட்டது.

தமிழ் வண்ணார் தொழிலின் நுட்பம் பெரிதும் வெள்ளாவியில் அடங்கியிருந்தது. உவர்மண் கரைத்த நீரில் தோய்த்துப் பிழிந்த துணிகளை, அடுப்பில் பதித்த பானையின் மேல் அடுக்கடுக்காக ஏற்றி, இரவெல்லாம் ஆவியில் வேகவைத்து, விடிந்ததும் துறைக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடிப்பார்கள். உவர்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட், துணியில் ஏறிய வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் இருக்கும் கொழுப்பு அமிலங்களோடு கூடிச் சோப்பாகிறது என்பதால், ஆலைச் சோப்பு வருவதற்கு முன்பே அழுக்கிலிருந்து சோப்பு பிறந்துகொண்டிருந்தது எனலாம். இந்தத் தொழிலறிவுக்கு உரிய மதிப்பை வேதியியல் வரலாறு இன்னும் தரவில்லை.

1917-இல் தோன்றிய டாட்டா எண்ணெய் ஆலை நிறுவனம், எர்ணாகுளத்து டாட்டாபுரத்தில் தேங்காய் எண்ணெய் எடுத்து, பின்னர் சோப்புத் தொழிலிலும் இறங்கியது. இத்தகைய ஆலைச் சோப்பைச் சீவிப்போட்டு அண்டாவில் துணியை அவிக்கும்போது, கொதிக்கும் நீரின் போக்கே மாறிவிடுகிறது. நீரின் மேற்பரப்பை இழுத்துக் கட்டிய தோல்போல வைத்திருக்கும் விசை பரப்பு இழுவிசை. சாதாரண வெப்பநிலையில் மீட்டருக்கு சுமார் 72 மில்லிநியூட்டனாக உள்ள அதைச் சோப்பு 30-க்கு அருகே இறக்கிவிடுகிறது. வெறும் நீரில் பெரிதாக உப்பி, அண்டாவின் அடியை விட்டு மெல்லப் பிரியும் குமிழிகள், சோப்பு நீரில் சிறியனவாகவும் ஏராளமாகவும் தோன்றி விரைந்து பிரிவதால், அடித்தகடு நீருக்கு வெப்பத்தை எளிதாகக் கைமாற்றுகிறது. 1934-இல் ஜப்பானிய அறிஞர் நுக்கியாமா, சூடேறிய கம்பியைக் கொண்டு கொதித்தலின் படிநிலைகளை அளந்து காட்டிய பின்னரே, இத்தகைய மாற்றங்களை எண்களால் ஒப்பிட வழி பிறந்தது. ஆயினும் சோப்பு மிகுந்தால் கொதிப்பு அதே அளவில் மேலும் மேம்படுவதில்லை.

தகட்டிலிருந்து நீருக்கு வெப்பம் எளிதாகக் கைமாறுவதால் விறகு பெரிதாக மிச்சமாகியிருக்கும் என்று கருதுவதற்கில்லை. அண்டாவை அடைய வெப்பம் கடக்கும் பெருந்தடை நெருப்புக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள புகைக்காற்றில் இருக்கிறதே தவிர, நீரின் பக்கத்தில் இல்லை. மேற்பரப்புக்கு வந்த குமிழிகளோ, சோப்பு மூலக்கூறுகள் அவற்றின் சவ்வைத் தாங்குவதால் உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அண்டாவின் விளிம்பைத் தாண்டி அடுப்பில் வழியப் பார்க்கும். அப்போது விறகை வெளியே இழுத்துத் தீயைத் தணிப்பதற்கு ஓர் ஆள் அருகிலேயே நிற்க வேண்டியிருந்தது.