சிறைத் தபால் விதி பிறந்த கதை

1986 பிப்ரவரி 3. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சிறையிலிருந்த ஹூஸ்டன் என்ற கைதி, தன் மேல்முறையீட்டு அறிவிப்பை எழுதி முடித்து, நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிச் சிறை அதிகாரிகளிடம் கொடுத்தார். அவருடைய ஆட்கொணர்வு மனுவை மாவட்ட நீதிமன்றம் ஜனவரி 7 அன்று தள்ளுபடி செய்திருந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள் கெடு. அவர் காகிதத்தைக் கொடுத்தது 27-ஆம் நாள். வெளியே போகும் தபால்களைக் குறித்துவைக்கும் சிறைப் பதிவேட்டில் அந்தத் தேதியும் ஏறியது. அவருக்கு வழக்கறிஞர் இல்லை.

அதற்குப் பிறகு அந்த உறை எங்கே கிடந்தது, என்றைக்குத் தபாலில் சேர்ந்தது என்பதற்கு நேரடிச் சாட்சியம் இல்லை. நீதிமன்ற எழுத்தரின் முத்திரை மட்டும் இருக்கிறது: பிப்ரவரி 7, காலை 8.30 மணி. அன்று 31-ஆம் நாள். ஒரு நாள் பிந்திவிட்டது, உங்கள் முறையீட்டைக் கேட்கவே எங்களுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

அந்த ஒரு நாளிலிருந்துதான், வழக்கறிஞர் இல்லாத கைதிகள் சிறையிலிருந்து அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அனுப்பும் மனுக்களுக்கு இன்று பொருந்துகிற விதி பிறந்தது. ஆனால் அதன் வேர் இன்னும் பழையது.

1940-இல் மிச்சிகன் சிறையில் ஹல் என்ற கைதி ஓர் ஆட்கொணர்வு மனு எழுதினார். கைதிகள் எழுதும் மனுக்களைச் சிறை நிர்வாகம் முதலில் படித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அதற்குத் தோன்றினால்தான் அனுப்பும். இவருடைய மனுவை அனுப்ப மறுத்தார்கள். பார்க்க வந்த தந்தையிடம் கொடுத்தனுப்பப் பார்த்தார், காவலர்கள் பிடுங்கிக்கொண்டார்கள். கடைசியில் வேறொரு காகிதம் தந்தை மூலமாகவே வெளியே போய் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. மனு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை, அதில் சிறை தலையிட முடியாது என்று 1941-இல் தீர்ப்பு வந்தது. ஹல்லுக்கு விடுதலை கிடைக்கவில்லை. அவருடைய மனு தள்ளுபடியானது. ஆனால் அவருக்குப் பின்னால் வந்த எல்லாக் கைதிகளுக்கும் நீதிமன்றத்துக்குப் போகிற வழியைத் திறந்துவிட்டவர் அவர்தான்.

வழி திறந்தது சரி, காகிதம் போய்ச் சேர ஆகும் நாட்களை யார் கணக்கில் வைப்பது? இந்தக் கேள்வி 1964-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சக்கர நாற்காலியில் இருந்த ஃபாலன் என்ற கைதி, தண்டனை பெற்றபின் அட்லாண்டா சிறைக்கு மாற்றப்பட்டார். அன்றைக்கு மேல்முறையீட்டுக் கெடு வெறும் 10 நாள். கெடுவுக்குள் தேதியிட்டு அவர் எழுதிய கடிதம் கெடு முடிந்த பிறகே எழுத்தரின் கையில் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நீதிபதி ஸ்டூவர்ட் அதோடு நிற்காமல் தனியாக ஒரு கருத்தையும் எழுதினார்: கைதி தன் காகிதத்தைச் சிறை அதிகாரியிடம் கொடுத்துவிட்டால், அந்த நேரத்துக்கு அந்த அதிகாரிதான் நீதிமன்ற எழுத்தர். அந்தக் கருத்தில் சேர்ந்து கையொப்பமிட்டவர்களில் நீதிபதி பிரென்னனும் ஒருவர். 24 ஆண்டுகள் கழித்து ஹூஸ்டனின் வழக்கில் தீர்ப்பு எழுதியவர் அதே பிரென்னன்.

1988 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் வந்த அந்தத் தீர்ப்பு 5-க்கு 4. பிரென்னனின் வாதம் எளியது. வெளியே இருப்பவர் தபாலை நம்பாவிட்டால் நேரில் போகலாம். முத்திரை விழுவதைக் கண்ணால் பார்க்கலாம். போன் போட்டு விசாரிக்கலாம். கைதிக்கு இவற்றில் எதுவும் கிடையாது. அவர் கையில் இருப்பது காகிதத்தை அதிகாரியிடம் கொடுப்பது ஒன்றுதான். அதைக் கொடுத்த கணத்தோடு அவர் பங்கு முடிகிறது. தேதி பற்றிச் சண்டை வந்தால் சிறைப் பதிவேடே சாட்சி. ஆகவே கொடுத்த நாளே தாக்கல் செய்த நாள்.

எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்காலியா இந்த ஏற்பாட்டைத் தவறென்று சொல்லவில்லை. நியாயமானதுதான், ஆனால் எழுதப்பட்ட விதியில் அப்படி இல்லையே, திருத்த வேண்டுமென்றால் முறைப்படி திருத்துங்கள் என்றார். அந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1993-இல் அதுவும் தீர்ந்தது. மேல்முறையீட்டு நடைமுறை விதிகளில் நான்காம் விதிக்குள் சிறைவாசிகளுக்கென்றே ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது.

ஹூஸ்டனின் வழக்கு ஆட்கொணர்வு பற்றியது. இந்த விதியின் முழு அவசியமும் தெரிவது சிவில் உரிமை வழக்குகளில்தான். அடித்தார்கள், மருத்துவம் தரவில்லை, வழிபாட்டைத் தடுத்தார்கள் என்று மாநில அதிகாரிகள் மேல் போடும் வழக்குகளுக்கு அடிப்படை 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அடிமை முறை ஒழிந்தபின் தெற்கு மாநிலங்களில் கு க்ளக்ஸ் கிளான் நடத்திய கொடுமைகளை அடக்க வந்த சட்டம் அது. கைதியும் அதன்கீழ் வழக்குப் போடலாம் என்பது 1964-இல் இலினாய் சிறைவாசி ஒருவரின் வழக்கில் உறுதியானது. இஸ்லாமிய நூல்களை வாங்கிப் படிக்க விடவில்லை என்பது அவருடைய புகார்.

இப்படிப்பட்ட வழக்கில் பிரதிவாதி யார்? பெரும்பாலும் சிறை அதிகாரிதான். ஒருவர் மேல் புகார் எழுதி, அதைப் பஞ்சாயத்தில் சேர்க்கும்படி அவர் கையிலேயே கொடுத்தனுப்புவது போன்ற நிலைமை இது. அவர் நான்கு நாள் மேசையில் போட்டுவைத்தால் வழக்கு செத்துவிடும் என்றால், அந்த உரிமைக்கு என்ன பொருள்? இதை உணர்ந்து கீழ் நிலைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் 1990-களின் தொடக்கத்திலேயே ஹூஸ்டன் விதியை சிவில் உரிமை வழக்குகளுக்கும் நீட்டின. போலீஸார் அடித்ததாக ஒரு கைதி ரிச்மண்ட் நகரப் போலீஸ் மேல் போட்ட வழக்கில் நான்காம் வட்ட நீதிமன்றம் 1991-இல் அப்படித் தீர்ப்பளித்தது. பதினோராம் வட்டம் 1993-இல் பின்தொடர்ந்தது.

வழக்கு நடக்கும்போது வரும் கெடுவுக்குள் எழுதி முடிக்கவே முடியாதவருக்கு வேறு வழி உண்டு. சிவில் நடைமுறை விதிகளில் ஆறாம் விதி கால நீட்டிப்பைப் பற்றியது. கெடு தீரும் முன்பே கேட்டால் தக்க காரணம் காட்டினால் போதும். தீர்ந்தபின் கேட்டால், தவறியது மன்னிக்கத்தக்க கவனக்குறைவால்தான் என்று நிரூபிக்க வேண்டும். சிறையிலிருந்து வரும் நீட்டிப்பு மனுக்களில் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கும்: வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள், வழக்குக் கட்டு பின்னால் வரவில்லை, சிறை முழுவதும் அடைப்பு, நூலகத்துக்குப் போக முடியவில்லை. இவற்றைச் சாக்குப்போக்கு என்று தள்ளுபவர்கள், ஒரு கைதி சட்டப் புத்தகத்தைத் தொட யாரிடமெல்லாம் அனுமதி வாங்க வேண்டும் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1996-இல் நாடாளுமன்றம் பாதையைக் குறுக்கியது. கைதி முதலில் சிறைக்குள்ளேயே புகார் கொடுத்து எல்லாப் படியும் ஏறி முடித்த பிறகுதான் நீதிமன்றம் வர முடியும். உள்புகாருக்குக் கெடு வைப்பது சிறை நிர்வாகம். கலிஃபோர்னியாவில் அப்போது அது 15 வேலை நாளாக இருந்தது. அதைத் தவறவிட்டவருக்கு நீதிமன்றக் கதவும் மூடியதுதான் என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்த ஆண்டு வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. ஒஹையோ கைதி பௌல்ஸுக்கு மேல்முறையீட்டுக் கெடுவை நீதிபதி நீட்டித்துக் கொடுத்தார். சட்டம் அனுமதிப்பது 14 நாள். நீதிபதி தவறுதலாக 17 நாள் தந்து, 2004 பிப்ரவரி 27 என்று தேதியும் எழுதினார். அந்தத் தேதிக்கு ஒரு நாள் முன்பாகவே, 26-ஆம் தேதி, முறையீடு தாக்கலானது. செல்லாது என்றது உச்ச நீதிமன்றம், மறுபடியும் 5-க்கு 4. சட்டத்தில் எழுதிய நாளை நீதிபதியாலும் நீட்ட முடியாது, கடுமை என்று தோன்றினால் நாடாளுமன்றம் திருத்தட்டும் என்று எழுதினார் நீதிபதி தாமஸ்.

ஸ்காலியா 1988-இல் கேட்டதும் எழுத்தில் ஒரு திருத்தத்தைத்தான். ஐந்தே ஆண்டில் விதி திருத்தப்பட்டது. நீதிபதி எழுத்தில் கொடுத்த தேதியை நம்பியவருக்கு அந்தத் தேதி செல்லும் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க அமெரிக்க நாடாளுமன்றத்தால் முடியும். அந்த வரியைச் சேர்க்க வேண்டும்.