வசிஷ்ட நதியின் இரண்டு முனைகள்

ஆத்தூர்க் கோட்டைக்குப் பக்கத்துல வசிஷ்ட நதியைப் பார்த்தவங்க, "இதையா நதின்னு சொல்றீங்க?"ன்னு கேட்பாங்க. கோபப்பட ஒண்ணுமில்லை. மழைக்காலம் முடிந்தால் மணலும் முள்ளும் கழிவுநீரும்தான் மிச்சம். ஆனால் இந்த நதியின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு இருநூறு வருஷக் கதை கிடைக்கும்.

மேல்முனை, ஆத்தூருக்கு மேலே இருக்கும் மலைக்காடு. கீழ்முனை, கடல். வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கின்றன. அதே பரங்கிப்பேட்டையில்தான் 1830 வாக்கில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற முன்னாள் கும்பெனி அதிகாரி இரும்பாலை தொடங்கினார். தாது நம்ம சேலத்து மலைகளில் இருந்து போனது. பக்கத்தில் நிலக்கரி கிடையாது, அதனால் உலைக்குத் தீனி மரக்கரிதான். ஒரு பங்கு கரி எடுக்க நாலைந்து பங்கு விறகு வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. 1860களில் ஆலை மூடப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. கரி கிடைப்பது கஷ்டமானது அதில் முக்கியமானது. சுற்றியிருந்த காட்டைத் தின்றுவிட்டுத் தானும் பசியில் செத்த ஆலை அது.

அதே காலத்தில் ரயிலும் வந்தது. தண்டவாளக் கட்டைக்கும் எஞ்சினுக்கும் மரம். சர்க்கார் அதற்கு முன்பே விழித்துக்கொண்டு, 1856இல் ஹியூ கிளெகார்னை மதராஸின் வனப் பாதுகாவலராக நியமித்திருந்தது. சுவாரசியமான இடம் அடுத்து வருவதுதான். 1878இல் வந்த இந்திய வனச் சட்டம் மதராஸுக்குப் பொருந்தவில்லை. இங்கே காடு என்பது ஏதோ ஒரு ஊரின் எல்லைக்குள்தான் இருக்கிறது, மேய்ச்சலும் விறகும் ஊராரின் உரிமை என்று வருவாய் வாரியமே வாதாடியது. பிறகு டீட்ரிச் பிராண்டிஸ் வந்து பேசி, 1882இல் மதராஸுக்கென்று தனி வனச் சட்டம் பிறந்தது. அதற்குப் பிறகு ஆடு மேய்க்கக்கூட சீட்டு வாங்கணும். நேற்றுவரை "நம்ம காடு" என்றிருந்தது "சர்க்கார் காடு" ஆனது. தன்னுடையது இல்லாததை யார் காவல் காப்பாங்க?

கல்வராயன் மலை இதில் இன்னொரு விசித்திரம். 1976 வரை அங்கே ஜாகிர்தார் ஆட்சிதான். சுதந்திரம் வந்து 29 வருஷம் கழித்துத்தான் அந்த நிலம் முழுசாக அரசின் கைக்கு வந்தது. அங்கிருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குப் பட்டா, வன உரிமை எல்லாம் இன்னும் முடியாத பேச்சு.

1997இல் ஜப்பான் கடனுதவியுடன் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது கதை கொஞ்சம் திரும்பியது. மரம் நடுவதோடு தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை, ஊர் அளவில் வனக்குழு. 115 வருஷம் முன்னால் விரட்டியவங்களையே கூப்பிட்டு, "வாங்க, சேர்ந்து காப்பாத்தலாம்"னு சொன்ன மாதிரிதான்.

இப்போ பொருளாதாரத்துக்கு வருவோம். ஆத்தூர் வட்டாரத்தில் பணம் புரளும் தொழில்களில் ஒன்று மரவள்ளியும் ஜவ்வரிசியும். கிழங்கைக் கழுவ, அரைக்க, மாவைப் படியவைக்க எல்லாத்துக்கும் தண்ணீர். அது கிணற்றிலும் போர்வெல்லிலும் இருந்து வருகிறது. கிணற்றுக்கு எங்கிருந்து? மலையில் பெய்த மழை வேரிலும் சருகிலும் தங்கி, மெதுவாக இறங்கியதால். காடு இல்லாத சரிவில் அதே மழை ஒரே நாளில் வண்டலோடு ஓடி, ஆனைமடுவு, கரியகோவில் போன்ற அணைகளைத்தான் தூர்க்கும்.

என் கேள்வி இதுதான். ஜவ்வரிசி மூட்டையின் விலையில் கிழங்குக்கு விலை இருக்கு, கூலி இருக்கு, கரண்டு இருக்கு. தண்ணீரைப் பிடித்துவைத்த மலைக்கு ஒரு பைசா இல்லை. காட்டை அழிக்காமல் காக்கும் மலைக்காரர் கீழே இருக்கும் எல்லாருக்கும் கடன் கொடுத்துக்கொண்டே இருக்கிறார், வட்டிகூட வாங்காமல். ஹீத்தின் ஆலையும் மரத்தை வெட்டுக்கூலிக்கு மட்டுமே கணக்கில் எழுதியது. அந்தக் கணக்கு எங்கே முடிந்தது என்பது நதியின் கீழ்முனைக்குத் தெரியும்.