கைபேசி உலாவியின் முகவரிப் பட்டை மேலா, கீழா? முதியோர் அறிய வேண்டிய திரை அமைப்புகள்

எர்ணாகுளம்: கைபேசியில் இணையம் பார்க்கப் பயன்படும் உலாவியின் (பிரவுசர்) தோற்றத்தைப் பயனரே தம் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் வசதி இன்று ஏறக்குறைய எல்லா முன்னணி உலாவிகளிலும் உள்ளது. முகவரிப் பட்டையின் இடம், எழுத்தின் அளவு, பட்டியல்களின் மொழி, அறிவிப்புகள் ஆகியவை இதில் அடங்கும். ஆனால், இந்த மாற்றங்களால் அதிகம் பயனடையக்கூடிய முதியோரே இவற்றைப் பற்றி அதிகம் அறியாதவர்களாக இருக்கின்றனர்.

இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக எர்ணாகுளம் 1990 பிப்ரவரி 4 அன்று அறிவிக்கப்பட்டது. 35 ஆண்டுகள் கழித்து, 2025 ஆகஸ்ட் 21 அன்று, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாகக் கேரளத்தை முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். 'டிஜி கேரளம்' திட்டத்தில் சுமார் 21.88 லட்சம் பேர் பயிற்சி பெற வேண்டியோராகக் கண்டறியப்பட்டனர். அவர்களில் 90 வயதைக் கடந்தோர் மட்டும் 15 ஆயிரத்துக்கும் மேல். கைபேசியை இயக்குவது, இணையத்தைப் பயன்படுத்துவது, அரசின் இணையவழிச் சேவைகளைப் பெறுவது ஆகியவையே பயிற்சியின் மையம்.

பயிற்சி முடிந்த பிறகும் அன்றாடச் சிக்கல்கள் தொடர்கின்றன. உள்ளாட்சிச் சேவைகளுக்கான 'கே-ஸ்மார்ட்' தளம் 2024 ஜனவரி 1 அன்று கொச்சியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. மட்டாஞ்சேரியின் குறுகிய தெருவில் வசிக்கும் ஒருவர் பிறப்புச் சான்றிதழுக்கோ வரி செலுத்தவோ இத்தளத்தை உலாவியில் திறக்கும்போது, சிறிய எழுத்தும் கைக்கு எட்டாத பொத்தானும் இருந்தால் கற்ற பாடம் பயன்படாது. அடுத்த முறை அவர் யாரையாவது உதவிக்கு அழைப்பார். கைபேசியும் கடவுச்சொல்லும் அந்த உதவியாளரின் கைக்குப் போய்விடும்.

கட்டைவிரலின் எல்லை: ஸ்டீவன் ஹூபர் என்ற வடிவமைப்பாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பொது இடங்களில் கைபேசியைப் பயன்படுத்திய 1,333 பேரைக் கவனித்தபோது, திரையைத் தொட்டு இயக்கியவர்களில் 49 சதவீதத்தினர் ஒரே கையால் இயக்கியது தெரிந்தது. அன்றைய கைபேசிகள் சிறியவை. இன்றைய பெரிய திரையில் மேல் விளிம்பை ஒரு கைக் கட்டைவிரலால் தொட முயன்றால் பிடி தளர்கிறது.

இதற்குத் தீர்வாக முகவரிப் பட்டையைக் கீழே கொண்டுவரும் யோசனை புதிதல்ல. விண்டோஸ் கைபேசிகளில் அது 2011-லேயே கீழேதான் இருந்தது. கூகுள் நிறுவனம் 2016-இல் தொடங்கிய இத்தகைய சோதனையை, பழகிய பயனர்கள் தடுமாறியதால் 2018-இல் கைவிட்டது. பயர்பாக்ஸ் உலாவியின் ஆண்ட்ராய்டு பதிப்பு 2020-இல் பட்டையைக் கீழே வைத்தது. ஆப்பிள் 2021 ஜூன் மாதம் சஃபாரியில் கீழ்ப்பட்டையை அறிமுகப்படுத்தியபோது கடும் விமர்சனம் எழுந்தது. செப்டம்பரில் இறுதிப் பதிப்பு வந்தபோது, மேலா கீழா என்ற முடிவு பயனரிடமே விடப்பட்டது. குரோம் உலாவி 2023-இல் ஐபோனிலும், 2025-இல் ஆண்ட்ராய்டிலும் அதே வழியைப் பின்பற்றியது. எல்லோருக்கும் ஒரே இடம் பொருந்தாது என்பதை நிறுவனங்கள் ஒப்புக்கொள்ள இத்தனை ஆண்டுகள் ஆகியுள்ளன.

மாற்றும் முறை: ஆண்ட்ராய்டு குரோமில் முகவரிப் பட்டையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், அதைக் கீழே நகர்த்தும் தேர்வு தோன்றும். மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள 'அமைப்புகள்' பகுதியிலும் இது உண்டு. பழைய நிலைக்குத் திரும்பவும் இதே வழிதான். ஐபோனில், கைபேசியின் அமைப்புகளில் சஃபாரிக்கான பக்கத்தைத் திறந்து, 'டேப்' பிரிவில் மாற்ற வேண்டும். பயர்பாக்ஸ், சாம்சங் இன்டர்நெட் ஆகியவற்றிலும் அமைப்புகளுக்குள் இதற்கான தேர்வு இருக்கிறது. சாம்சங் உலாவியில் பட்டியலில் எந்தப் பொத்தான்கள் இடம்பெற வேண்டும் என்பதையும் பயனரே முடிவு செய்யலாம்.

திரையின் அடியில் பின்செல், முகப்பு முதலிய மூன்று பொத்தான்கள் கொண்ட கைபேசிகளில் கீழ்ப்பட்டை அவற்றை ஒட்டியே அமைவதால் தவறான தொடுதல் நேரலாம். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு மேல்பட்டையே ஏற்றது.

எழுத்தும் மொழியும்: முதியோரைப் பொறுத்தவரை பட்டையின் இடத்தைவிட எழுத்தின் அளவே முக்கியம். குரோமின் அமைப்புகளில் 'அணுகல்தன்மை' பகுதிக்குச் சென்றால், எல்லா இணையப் பக்கங்களையும் ஒரே அளவில் பெரிதாக்கி வைக்கலாம். இரு விரல்களால் பெரிதாக்குவதைச் சில தளங்கள் தடுக்கின்றன. அத்தடையை மீறிப் பெரிதாக்கும் தேர்வும் அதே பக்கத்தில் உள்ளது. தளத்துக்குத் தளம் விரல்களால் விரித்துப் பார்ப்பதைவிட இது எளிது.

மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் மலையாளத்துடன் கொங்கணி, குஜராத்தி, தமிழ் முதலிய பல மொழிகள் பேசப்படுகின்றன. வெளி பகுதியில் உள்ள புகழ்பெற்ற சலவைக்கூடத்தில் தலைமுறைகளாகப் பணிபுரிவோர் தமிழ் வழி வந்தவர்களே. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, கைபேசியில் ஆங்கிலம் என்ற நிலை இங்கு இயல்பு. கைபேசி முழுவதையும் மாற்றாமல் குரோமின் பட்டியல்களை மட்டும் தமிழுக்கோ மலையாளத்துக்கோ மாற்ற, அமைப்புகளில் 'மொழிகள்' பகுதி உதவுகிறது. ஆண்ட்ராய்டு 13 முதல் மற்ற பல செயலிகளுக்கும் தனித்தனி மொழி வைக்க இயலும். மொழிபெயர்க்கப்பட்ட சில சொற்கள் செயற்கையாகத் தோன்றினாலும், புரியாத ஆங்கிலத்தில் 'அனுமதி' பொத்தானை அழுத்துவதைவிட அது பாதுகாப்பானது.

உள்நாட்டு உலாவிகளும் களத்தில் உள்ளன. மத்திய அரசு நடத்திய இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச் மாதம் முதல் பரிசான ரூ.1 கோடியை ஜோஹோ நிறுவனம் வென்றது. அந்நிறுவனத்தின் உலாவிக்குப் பெயர் 'உலா'.

அறிவிப்புகளை அடக்குதல்: தோற்ற மாற்றங்களில் பணத்தோடு நேரடித் தொடர்புடையது இதுவே. ஏதோ ஒரு தளம் கேட்டபோது 'அனுமதி' கொடுத்துவிட்டால், உலாவி மூடியிருக்கும்போதும் அத்தளத்தின் அறிவிப்புகள் திரையில் வந்துகொண்டே இருக்கும். 'உங்கள் கைபேசியில் வைரஸ் உள்ளது', 'பரிசு விழுந்துள்ளது' போன்ற போலி எச்சரிக்கைகள் பல இவ்வழியே வருகின்றன. குரோமில் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்ற வரிசையில் சென்றால் அனுமதி பெற்ற தளங்களைப் பார்த்து நீக்கலாம். புதிய டேப் பக்கத்தில் தோன்றும் செய்திப் பரிந்துரைகளையும் நிறுத்தி வைக்கலாம். தேடல் பெட்டி மட்டும் உள்ள வெறுமையான பக்கம் புதியவர்களுக்குக் குழப்பம் தராது.

அடிக்கடி பயன்படுத்தும் அரசு, வங்கித் தளங்களை ஒருமுறை சரிபார்த்து முகப்புத் திரையில் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு முறையும் தேடி, விளம்பர இணைப்பில் சிக்கும் ஆபத்து குறையும். வங்கிகள் தங்கள் இணைய முகவரிகளை 'டாட் பேங்க் டாட் இன்' என முடியுமாறு 2025 அக்டோபர் 31-க்குள் மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. எனவே, முகவரிப் பட்டை எங்கே இருந்தாலும் அதைத் தொட்டு, முகவரி முழுவதையும் வாசித்த பிறகே கடவுச்சொல்லை இட வேண்டும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.