தப்பும் குரலும்: ஊவாத் தோட்டக் கூத்துப் பதிவுகளில் ஸ்டெம் பிரிப்பின் இடம்

கலந்து பதிவான ஒரு பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், ஏனையவை என நான்கு ஸ்டெம்களாக, அதாவது தடங்களாகப் பிரித்துத் தரும் மென்பொருள் இன்று இலவசமாகவே கிடைக்கிறது. டீசர் நிறுவனம் 2019இல் ‘ஸ்பிளீட்டர்’ கருவியைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதே காலத்தில் பேஸ்புக் ஆய்வகத்திலிருந்து ‘டெமுக்ஸ்’ வந்தது. இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் 2023இல் எஃப்எல் ஸ்டூடியோவும் 2024இல் லொஜிக் புரோவும் இந்த வசதியைத் தமக்குள்ளேயே சேர்த்துக்கொண்டன. பழைய பதிவிலிருந்து துண்டெடுத்து, அதை லூப்பாக்கி, அதன்மேல் புதிய இசை கட்டும் சாம்பிள் முறைக்கு இது பெரிய வரவு. பாட்டின் நடுவே குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளைத் தேடி அலைந்தவர்கள் இப்போது எந்த இடத்திலும் துண்டெடுக்கலாம்.

பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களின் கூத்துப் பதிவுகளை இந்த முறைக்குள் கொண்டுவரும்போது எதைப் பிரிப்பது, எதைப் பிரிக்காமல் விடுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மீண்டும் பதிவுசெய்ய இயலாத ஒலியை மட்டுமே பிரிக்க வேண்டும். தப்பு என்னும் தோற்கருவியை அடிக்கும் கலைஞர் உயிரோடிருந்தால் அவரிடமே போய்ப் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதற்கு அழகியல் காரணமும் அறம் சார்ந்த காரணமும் உண்டு. இரண்டும் கூத்தின் இசை உருவாகும் விதத்திலிருந்தே பிறக்கின்றன.

பிரிப்புக் கருவி தான் கற்றதை வைத்து ஊகிக்கிறது. இத்துறையில் பயிற்சிக்கும் ஒப்பீட்டுக்கும் பரவலாகப் பயன்படும் ‘மியூஸ்டிபி18’ தொகுப்பில் 150 பாடல்கள், ஏறத்தாழ 10 மணி நேர இசை உள்ளன. பெரும்பாலானவை மேற்கத்திய பொப், ரொக் வகையைச் சேர்ந்தவை. நான்கு தடங்கள் என்ற வகுப்பும் அந்த இசைக்குழுவின் அமைப்புத்தான். அங்கே ஒவ்வொரு கருவியும் தனித் தடத்தில் பதிவாகி, பின்னர் ஒன்றாகக் கலக்கப்படுகிறது. ஒருகாலத்தில் தனித்தனியாக இருந்தவற்றை மறுபடி தனியாக்கவே கருவி பழகியிருக்கிறது. காமன் கூத்தின் ஒலி எந்தக் கட்டத்திலும் தனித்தனியாக இருந்ததில்லை.

மாசி மாதத்து மூன்றாம் பிறையை ஒட்டிக் காமன் கம்பம் நட்டதும் தோட்டத்தில் கூத்து தொடங்குகிறது. ரதியும் மன்மதனும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள்தோறும் ஆடிவர, தூதன், வீரபத்திரன், எமன் என்று பாத்திரங்கள் அடுத்தடுத்து இறங்க, கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண் திறந்து காமன் எரிகிறான். பாத்திரம் மாறும்போது தப்படியும் மாறும். தப்பின் அடியைக் கேட்டே வரப்போவது யார் என்று கூட்டம் தெரிந்துகொள்ளும். பாடுபவர் ஒரு வரியை முடிக்கும் இடத்தில் தப்பு மேலேறும். அந்த ஏற்றத்துக்குள் அவர் மூச்சு வாங்கி அடுத்த வரிக்கு வருவார். பின்பாட்டுக்காரர்கள் கடைசிச் சொற்களைப் பிடித்து நீட்டுவார்கள். ஆட்டம் சூடேறச் சூடேற வேகமும் கூடும். எந்த நொடியில் எவ்வளவு கூடுவது என்பதை ஆடுபவரின் கால் முடிவு செய்கிறது. இப்படிப் பதிவான ஒலியிலிருந்து குரலை மட்டும் எடுத்தால், அந்தக் குரல் எதற்காகக் காத்திருந்தது, எதன்மேல் ஏறி நின்றது என்பது காணாமல் போய்விடும்.

ஒலியியல் நோக்கில் சிக்கல் இன்னும் துல்லியமாகத் தெரிகிறது. வைக்கோல் தீயில் காய்ச்சி இறுக்கிய தப்பின் தோலில் அடிக்குச்சி கனத்த ஒலியையும், மெல்லிய சுண்டுக்குச்சி கூரிய ஒலியையும் எழுப்புகின்றன. ஸ்பிளீட்டரின் வழக்கமான அமைப்பு 11 கிலோஹேர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை விட்டுவிடுகிறது. சுண்டுக்குச்சியின் கூர்மையில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. அது போனால் தப்பு ஈரத்தோல் போலாகிவிடும். உறுமியின் நிலை இதைவிட மோசம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அதன் சுருதி வழுக்கிக்கொண்டே போகிறது. டிரம்ஸ் என்றால் சட்டென எழுந்து சட்டென அடங்கும் ஒலி என்று கற்ற கருவிக்கு, நீண்டு வளையும் ஒலி குரலாகவோ பேஸாகவோ தோன்றும். ஒரே உறுமி மூன்று தடங்களில் சிதறிக் கிடப்பதற்கு இதுவே காரணம். இடுப்புக்கயிற்றை அழுத்திச் சுருதி ஏற்றும் உடுக்குக்கும் இதே கதிதான். இவற்றுடன் மலைச்சரிவின் எதிரொலி, ஒலிபெருக்கிக் குழாயின் கரகரப்பு, கசெட்டின் இரைச்சல் எல்லாம் சேர்ந்தால், கருவி ‘ஏனையவை’ என்று தள்ளும் தடத்தில் கூத்தின் பாதி உயிர் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே வேலையின் ஒழுங்கு முக்கியமாகிறது. முதலில் கசெட்டைச் சரியாக எண்மப்படுத்த வேண்டும். பிளேயரின் ஹெட் சாய்வு, பதிவான சாய்வோடு பொருந்தாவிட்டால் உச்ச ஒலிகள் மங்கிவிடும். எந்த மென்பொருளும் பின்னர் அவற்றை உண்மையாக மீட்டுத் தராது. எம்பி3 ஆக்காமல், முழு அலைவடிவிலேயே ஒரு மூலப்பிரதியை வைத்துக்கொள்ள வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களை மூடியது. ஒரு குடும்பத்திடம் இருந்த அத்தனையும் ஒரே காலையில் மண்ணுக்குள் போகக்கூடிய நிலத்தில், பிரிப்பதற்கு முந்திய இந்தப் பிரதிதான் எல்லாவற்றிலும் பெரிய பணி.

அடுத்தது கேட்பது. பல தடவை முழுதாகக் கேட்டபின், வேண்டிய பகுதியை முன்னும் பின்னும் தாராளமாக விட்டு எடுத்துக் கருவிக்குக் கொடுக்க வேண்டும். இந்தக் கருவிகள் சில நொடிச் சூழலைப் பார்த்தே ஊகிக்கின்றன. அரை நொடித் துண்டைக் கொடுத்தால் தடுமாறும். வேகத்தை நீட்டுவதும் சுருக்குவதும் பிரித்த பிறகே. பிரிந்த தடங்கள் அனைத்தையும் கூட்டி, தலைகீழாக்கி, மூலத்தோடு சேர்த்து ஒலிக்கவிட்டால் கருவி தொலைத்தவையும் புதிதாகச் சேர்த்தவையும் மட்டும் கேட்கும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. அந்த மிச்சத்தில் சுண்டுக்குச்சியின் ஒலி கேட்டால், அந்தப் பகுதியைப் பிரிக்காமல் அப்படியே பயன்படுத்துவதே நல்லது. மென்பொருளின் சம இடைவெளிக் கிரிட்டுக்குள் தப்படியை நெருக்கிச் சமப்படுத்துவதையும் நான் ஏற்கவில்லை. வேகம் கூடும் இடத்தில் புதிய பீட்தான் அதற்கு வளைந்து கொடுக்க வேண்டும்.

இனி, எப்போது பிரிப்பது என்பது. பீட்டில்ஸ் குழுவின் ஜோன் லெனன் வீட்டில் பியானோவோடு கசெட்டில் பாடி வைத்த பாட்டை 1990களில் குழுவின் மற்ற மூவரும் முடிக்க முயன்று கைவிட்டனர். குரலைப் பியானோ மறைத்தது ஒரு தடையாக இருந்தது. குரலைப் பிரிக்கும் மென்பொருள் வந்தபின், 2023இல் அது ‘நவ் அண்ட் தென்’ என்று வெளியாயிற்று. லெனன் 1980இலேயே கொல்லப்பட்டுவிட்டார். வேறு வழி இல்லை. இதற்கு நேர் எதிரான பாதை எம்.ஐ.ஏ. எனப்படும் மாயா அருள்பிரகாசத்தினுடையது. 2007இல் வந்த ‘காலா’ தொகுப்புக்காக அவர் சென்னைக்குப் போய் உறுமிக் கலைஞர்களையே பதிவுசெய்தார். அதே தொகுப்பில் ‘தளபதி’ படத்து இளையராஜா பாட்டொன்றின் சாம்பிளும் உண்டு. ஆனால் உறுமி வேண்டியபோது உறுமிக்காரரைத் தேடிப் போனார். ஊவாவில் இந்தப் பாதை இன்னும் எளிது. தப்பு அடிப்பவர் கடல் கடந்து இல்லை; பெரும்பாலும் பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. செலவில்லாமல் கிடைக்கும் மென்பொருள்தான் தோட்டத்து இளைஞரை ஸ்டூடியோ வாடகையிலிருந்து விடுவித்தது. அவரது பாட்டியின் தாலாட்டை அது இரைச்சலிலிருந்து மீட்டுத் தருகிறது. அதை மறுப்பது மேட்டிமை அல்லவா? தாலாட்டைப் பொறுத்தவரை மறுப்பு முற்றிலும் சரி. பாட்டி இல்லை, குரல் மட்டும் இருக்கிறது, தயங்காமல் பிரிக்கலாம். தப்பைப் பொறுத்தவரை நான் உடன்படவில்லை. மலையகப் பாடல்களைத் திரட்டிய சி. வி. வேலுப்பிள்ளையின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாயிற்று. அந்த உழைப்பு இல்லாமல் நமக்கு அந்தப் பாடல்களே கிடைத்திரா. ஆயினும் அச்சில் சொல்தான் நிற்கும், தப்பு நிற்காது. பெரட்டு எனும் காலை ஆள்கணக்குக்கு ஆளைக் கூப்பிட்டதும், சாவுக்கு முன்னே நடந்ததும், கூத்தை விடியும்வரை தாங்கியதும் தப்புத்தான். அதை அடித்தவர்மீது சாதி இழிவைச் சுமத்திய சமூகம் அவர் பெயரை எங்கும் எழுதி வைக்கவில்லை. இப்போது குரலை வைத்துக்கொண்டு தப்பை நீக்கும் பொத்தான் நம் கையில் இருக்கிறது. யோசிக்காமல் அதை அழுத்தினால் அதே புறக்கணிப்பை நாமும் தொடர்ந்தவர்களாவோம்.

சட்டம் இங்கே ஓரளவே உதவும். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநருக்கும் ஒலிப்பதிவு தயாரிப்பாளருக்கும் உரிமை தருகிறது. அதன் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளை மரபுச் சூழலுக்கு வெளியே ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் குறிக்கும் அதிகாரியிடம் இருக்கிறது. கூத்தாடும் தோட்டத்திடம் இல்லை. சட்டத்துக்கு அப்பால் ஒரு முன்மாதிரி உண்டு: ‘லால் சலாம்’ படப் பாட்டில் மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியபோது, இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்று ஊதியமும் கொடுத்ததாக ஏ. ஆர். ரஹ்மான் 2024 ஜனவரியில் அறிவித்தார். தோட்டத்துப் பதிவுக்கும் இதற்குக் குறைந்த நடைமுறை போதாது. கூத்து வாத்தியாரிடமும் தப்புக் குழுவிடமும் பாடியவரின் வீட்டாரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். தோட்டம், டிவிசன், ஆண்டு, பாடியவர், தப்படித்தவர் பெயர்களைக் கோப்பிலேயே எழுதிவைக்க வேண்டும். வருமானம் வந்தால் பாடியவருக்கும் தப்படித்தவருக்கும் சம பங்கு. சாவுவீட்டு ஒப்பாரி என்றால் வீட்டார் சம்மதம் மட்டும் போதாது. பிரித்த தடத்தை அவர்களுக்குப் போட்டுக் காட்டி, கேட்டபின் அவர்கள் சொல்வதையே இறுதி முடிவாகக் கொள்ள வேண்டும்.